தண்ணீருக்கு வாழ்க்கைப்பட்டவள்

கூடத்திலிருந்து கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. அதை மிதித்துக்கொண்டு ஊர்த்தலைவர் ஸஃபர்கானின் குரல் வந்தது.

"அவ மனசு கெட்டுப்போச்சு! அதான் தண்ணி கோவிச்சுக்கிட்டுப் போகுது!"

சமையலறையில் தாஜ்மாஹ் கையிலிருந்த மாவு உருண்டையைப் பலகையில் வைத்தாள். தந்தூர் அடுப்பில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"என் கல்யாண டம்ளர், மொனீர். ஒண்ணு போச்சு," என்றாள்.

"எந்தக் கல்யாணத்து டம்ளர்க்கா? முதலாவதா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது மாப்பிள்ளைக்கு டம்ளர் எதுக்குடி? அவரே தண்ணி."

வழக்கமாக இந்த வேடிக்கைக்கு இருவரும் சிரிப்போம். அன்று அவள் உதடு கோணிக்கொண்டது. தலையோடு உடம்பைச் சுற்றியிருந்த சாதரின் நுனியால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

தாஜ்மாஹ் என் பக்கத்து வீட்டுக்காரி. முதல் புருஷன் கல்யாணமான மறு வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். அதே வருஷம் எங்கள் கனாத்திலும் தண்ணீர் குறைந்தது. மலையடியிலிருந்து மண்ணுக்குள்ளேயே நடந்து வந்து, ஊர் முகப்பில் வெளிச்சம் பார்க்கும் அந்தச் சுரங்கக் கால்வாய்தான் எங்களுக்குத் தாய், தகப்பன் எல்லாம். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இது ஆண் கனாத், துணையில்லாமல் சோர்ந்துபோயிருக்கிறது, ஒரு விதவையைக் கட்டிவைத்தால் மனம் தேறி ஓடும் என்றார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. சுரங்க வாயில் முல்லா நிக்காஹ் ஓதினார். சிவப்பு முக்காடு போட்டு, முட்டளவு தண்ணீரில் தாஜ்மாஹ் நின்றாள். தலையில் கற்கண்டு தூவியவர்களில் நானும் ஒருத்தி.

அன்று முதல் அறுவடைக்கு அறுவடை ஒவ்வொரு வீடும் அவளுக்குக் கோதுமை அளந்தது. பதிலுக்கு அவள் செய்ய வேண்டியவை இரண்டு. மாதாமாதம், பனி கொட்டினாலும், அந்தத் தண்ணீரில் இறங்கிக் குளிக்க வேண்டும். வேறொரு ஆண்பிள்ளை அவள் வாழ்வில் வரக்கூடாது.

வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வசந்தத்தில் தண்ணீர் ஏறியதே! அந்த வருஷம் மலையில் எவ்வளவு பனி விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அவள் குளிக்கும்போது நான்தான் போர்வையை மறைப்பாகப் பிடிப்பேன். உள்ளே அவள் பேசுவது கேட்கும். "இன்னிக்கு என்னங்க இவ்வளவு சில்லுனு இருக்கீங்க? யாரு மேல கோவம்?" குழந்தை குட்டி இல்லாத பெண். இளமையெல்லாம் அந்த ஓடையோடு போயிற்று.

பிறகு ஸஃபர்கான் அரசாங்கக் கடன் வாங்கி, ஊருக்கு மேலே ஆழ்கிணறு தோண்டினார். திறப்பு விழாவுக்குத் தெஹ்ரானிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். "இனிமே நீங்க எலிப்பொந்து மாதிரி பழைய சுரங்கத்தை நம்பி இருக்க வேண்டாம்," என்றார். கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். கிணற்றுத் தண்ணீர் காசுள்ளவர்களின் வயலுக்குப் போனது. கனாத் எப்போதும்போல் எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்தது.

மோட்டாரைப் பார்த்துக்கொள்ள அராக் நகரத்திலிருந்து ரஹ்மத் வந்தான். மனைவியை இழந்தவன். கையெல்லாம் கிரீஸ், பேச்சில் மட்டும் அத்தனை பணிவு. தாஜ்மாஹிடம்தான் ரொட்டி வாங்குவான். ஒருநாள் என்னிடம் வந்து, "அக்கா, அவங்களைக் கட்டிக்கலாம்னு நினைக்கிறேன். நீங்க கேட்டுச் சொல்லணும்," என்று தலை குனிந்து நின்றான். நான் போய்ச் சொன்னேன்.  மறுநாள் அவனுக்குப் போன ரொட்டியில் மட்டும் எள் தூவியிருந்தது.

ஊருக்குக் கண் இல்லையா? தண்ணீரும் அந்தச் சமயத்தில்தான் இறங்கத் தொடங்கியது. ஆகவே அன்றைக்கு அவள் வீட்டுக் கூடத்திலேயே பஞ்சாயத்து.

"அந்த ஆழ்கிணறு வந்தப்புறம்தானே தலைவரே தண்ணி இறங்குச்சு?" கிழவர் ஹைதரின் குரல் மெதுவாகக் கேட்டது.

"பாதாளத்துத் தண்ணி வேற, இது வேற. படிச்ச எஞ்சினியர் சொல்லிட்டுப் போயிருக்கான். உனக்கு என்னய்யா தெரியும்? போன வாரம் உன் மகன் என் கிட்டதான் தண்ணி வாங்கினான், மறந்துட்டியா?"

ஹைதர் அடங்கிவிட்டார். மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. பாதிப்பேர் வயல் அந்தக் கிணற்றை நம்பி இருந்தது.

தாஜ்மாஹ் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கூடத்து வாசலில் போய் நின்றாள். "தலைவரே, நான் என்ன செய்யணும்?"

"அந்த ஆளு இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. இனிமே மாசத்துக்கொரு தடவை பத்தாது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ தண்ணியில இறங்கணும். உன் புருஷன் மனசு ஆறுற வரைக்கும்."

"சரிங்க."

அந்த ஒற்றைச் சொல்லில் அவள் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அது கொடிய பனிக்காலம். முட்டளவு இருந்த தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. ஓரத்துப் பனிக்கட்டியை உடைத்துவிட்டு, அந்தக் கொஞ்சத் தண்ணீரில் அவள் மல்லாந்து படுப்பாள். "மன்னிச்சிடுங்க. அந்த ரொட்டியில நான் எள்ளு போட்டிருக்கக் கூடாது," என்று பல் கிட்டிக்க அழுவாள்.  அவளை நான் தோளில் சாய்த்து அழைத்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை, ரஹ்மத் பாதையோரம் நின்றிருந்தான். நீலம் பாரித்த அவள் உதட்டைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்று மேட்டை நோக்கி விறுவிறுவென்று நடந்தான்.

அதன் பிறகு நடந்ததை ஊரே அதிசயமாகப் பேசியது. சில வாரங்களில் தண்ணீர் மெல்ல ஏறத் தொடங்கியது. கணுக்கால் தாண்டியது, கெண்டைக்கால் தொட்டது. பெண்கள் தட்டுத் தட்டாக அல்வா கொண்டுவந்தார்கள். ஹைதரின் மருமகள், "உங்க வீட்டுக்காரர் சமாதானம் ஆயிட்டார் போல!" என்று கேலி செய்தாள். தாஜ்மாஹ் புதுப்பெண்போல வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

வசந்தத்தில் வரும் எங்கள் புத்தாண்டுப் பண்டிகை முடிந்ததும் தண்ணீர் திரும்ப இறங்கியது. இந்த முறை ஏறவே இல்லை.

தாஜ்மாஹ் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தாள். கனாத் அவளுக்கு முன்னால் செத்தது. சுரங்க வாயில் ஆடுகள் வெயிலுக்கு ஒதுங்கின. கோதுமை கொடுத்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கையை இழுத்துக்கொண்டன. அடுத்தவர் தறியில் கம்பளம் நெய்து அவள் வயிறு கழுவினாள். ஸஃபர்கானின் கிணறும் பின்னாளில் உப்பு கக்கியது. அவர் குடும்பம் நகரத்துக்குப் போய்விட்டது. ஆனால் என் தாஜ்மாஹின் வாழ்க்கை முடிந்தது அந்த வசந்தத்தின் ஒரு மத்தியானத்தில்தான்.

அன்று நானும் அவளும் அடியில் கரி நெருப்பு வைத்த கணப்பு மேசையின் போர்வைக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். கதவைத் தட்டி ரஹ்மத் உள்ளே வந்தான். கையில் ஒரு மூட்டை.

"வேலையை விட்டு எடுத்துட்டாங்க," என்றான். "ஒரு விஷயத்தைச் சொல்லாம போக முடியல. பனிக்காலத்துல தண்ணி ஏறுச்சே, அது நீங்க குளிச்சதால இல்ல. மோட்டார்ல ஒரு பாகம் உடைஞ்சுபோச்சு, தெஹ்ரான்லேருந்து வரணும்னு பொய் சொல்லி நான்தான் நிறுத்தி வச்சிருந்தேன். தலைவர் வேற ஆளைக் கூட்டிட்டு வந்து பார்த்தார். எதுவும் உடையலன்னு தெரிஞ்சுபோச்சு."



"அப்போ என் மேல கோவமே இல்லையா அவருக்கு?" தாஜ்மாஹின் குரல் குழந்தையின் குரலாக இருந்தது.

"கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேல அந்தக் கிணறு உறிஞ்சுது. அவ்வளவுதான்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் தரையைப் பார்த்தான். "சந்தேகம் இருந்துச்சு. வேலை போயிடும்னு பயம்."

"நான் பனிக்கட்டியில கிடந்தேனேய்யா!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். "என் உடம்பைப் போட்டு அந்தத் தண்ணியில கரைச்சேனே! தலைவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். அவருக்குத் தெரியாததா? சிரிச்சார்." ரஹ்மத்தின் கண் நிறைந்தது. "என்கூட வந்துடுங்க. அராக்ல தங்கச்சி வீடு இருக்கு. முறைப்படி நிக்காஹ் பண்ணிக்கலாம். இன்னும் எதுக்கு இந்த ஊரு?"

போயிடு, போயிடு அக்கா என்று என் மனசு கத்தியது. வாய்விட்டும் சொன்னேன். அவள் எழுந்து அலமாரி வரைக்கும் போனாள். மடித்து வைத்த நல்ல சாதரை எடுத்து விரித்தாள். புறப்பட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். விரித்ததைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அவள் மறுபடி மடித்தாள்.

"நான் இன்னிக்கு வந்தா நாளைக்கு என்ன சொல்வாங்க? மோட்டார்க்காரனோட ஓடிட்டா, அதான் தண்ணி செத்துச்சுன்னு சொல்வாங்க. காலாகாலத்துக்கும் அதுதான் பேச்சு. அந்தக் கிணத்தை எவனும் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். நான் இங்கேயே இருக்கணும். என்மேல தப்பு ஒண்ணுமில்லாம, தண்ணியும் இல்லாம, இவங்க கண்ணு முன்னாடி நடமாடணும். அப்பவாவது யாராவது ஒருத்தனுக்கு உறைக்கும்."

"உறைக்கலன்னா?" என்றான் ரஹ்மத்.

அவள் மடித்த சாதரை அலமாரியில் வைத்தாள். "அவரு இன்னும் சாகல," என்றாள். "இழுத்துக்கிட்டு இருக்காரு. அந்த நேரத்துல யாராவது விட்டுட்டுப் போவாங்களா, நீங்களே சொல்லுங்க."

ரஹ்மத் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டத் தடுமாறினான். அவள் குனிந்து செருப்பை நேராக எடுத்து வைத்தாள். அவன் காலுக்கும் அவள் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதை அவள் கடக்கவில்லை.

அவன் தெருவில் இறங்கினான். முனை திரும்பும் வரை தாஜ்மாஹ் பார்த்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.