அக்கா கொடுக்காத அனுமதி

என் அக்கா கார் மெக்கானிக். தெருமுனையில் இரண்டு வண்டி மட்டும் நிற்கக்கூடிய ஒர்க்‌ஷாப்பைப் பதினாறு வருடமாக நடத்துகிறாள். அதில் ஒன்பது வருடம் நான் நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்ததும், "சுவரைப் பார்த்துட்டு உட்காராத, வந்து ஸ்பேனரையாவது துடை" என்று கூட்டிக்கொண்டாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எஞ்சினில் கோளாறு என்று எச்சரிக்கும் செக் எஞ்சின் லைட் எரிந்தால், கோளாறு தீரும்வரை அதை அணைக்க மாட்டாள். தீர்ந்த பிறகும், கோளாறு எண்ணைக் காட்டும் கருவியை வண்டிக்காரர் கையில் கொடுத்து, அழிக்கும் பொத்தானை அவரையே அழுத்தச் சொல்வாள்.

ஒரு திங்கட்கிழமை காலை அக்கா உதிரிபாகம் வாங்கப் போயிருந்தபோது பள்ளி வேன் ஓட்டுநர் வந்தார். பதினோரு மணிக்கு வேனுக்குப் புகைச் சோதனை. லைட் எரிந்தால் சோதிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அக்கா எப்போம்மா வருவாங்க?"

"மதியமாகும்ண்ணே."

"அதுக்குள்ள என் கதை முடிஞ்சிடும்."

கருவியைச் செருகினேன். ஏதோ ஒரு எண் வந்தது. குறித்துக்கூட வைக்காமல் அழித்தேன். லைட் அணைந்தது. அவர் தயங்கினார்.

"உங்கக்கா இப்படிச் செய்ய மாட்டாங்களே?"

"காலையிலயே போன்ல கேட்டுட்டேன்ண்ணே. லைட் எரிஞ்சா அழிச்சுக் குடுன்னாங்க."

நான் யாரையும் கேட்கவில்லை. அவசரத்துக்கு உதவினேன் என்ற பெருமைதான் அப்போது இருந்தது.

மதியம் அவர் திரும்பி வந்தபோது அக்கா இருந்தாள். பெஞ்சில் நான்கு பேர் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்தார்கள்.

"லைட்டை அழிச்சா வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கிற பதிவெல்லாம் சேர்ந்து அழிஞ்சிடுமாம், மெக்கானிக்கம்மா. கோளாறை மறைச்சுக் கொண்டு வந்தியான்னு எல்லார் முன்னாடியும் கேட்டு, சோதிக்காமலே திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்கதான் அழிக்கச் சொன்னீங்களாமே?"

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"ஆமாண்ணே. என் தப்புதான்."

"இவங்களும் ஏமாத்த ஆரம்பிச்சிட்டாங்களா" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல். நான் ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைத்தேன்.

எண் போய்விட்டதால் அக்கா ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியிருந்தது. புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று மூட்டு மூட்டாகப் பார்த்தாள். ஒயர்களை விரலால் தடவிப் பார்த்தாள். குழாயில் புகையை அளக்கும் சென்சாரில் மீட்டரை மாட்டி என்னை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னாள். மேலும் கீழும் துள்ள வேண்டிய மீட்டர் எண் அசையாமல் கிடந்தது.

"செத்துப்போச்சு" என்றாள். புதியதை மாட்ட இருபது நிமிடம் ஆனது. அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு மறுபடி நிரம்ப இரண்டு நாள் ஓட்ட வேண்டும். அதைக் கவனிக்கக் கருவியோடு என்னை வேனில் ஏற்றிவிட்டாள். மறுநாள் நெடுஞ்சாலையில் போகும்போது சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அக்காவுக்கு எதுவுமே தெரியாது. நான் கேட்கவே இல்ல."

அவர் வேனை ஓரங்கட்டினார்.

"அத்தனை பேர் முன்னாடி அவங்களைப் பேசிட்டேனேம்மா." பிறகு, "என்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? கேட்டுட்டு இருந்தவங்க நாலு பேரு" என்றார்.

அதற்கடுத்த நாள் காலை அந்த நால்வரில் இருவர் பெஞ்சில் இருந்தார்கள். அக்கா ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தாள். கால்கள் மட்டும் தெரிந்தன. அவர்கள் முன்னால் போய் நின்றேன்.

"வேன் லைட்டை அழிக்கச் சொன்னது அக்கா இல்லீங்க. அவ பேரைச் சொல்லி நான்தான் பொய் சொன்னேன்."

ஒருவர் செய்தித்தாளை மடித்தார். "அன்னிக்கு இன்னும் ரெண்டு பேர் இருந்தாங்களே?"

காருக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"அவங்க விலாசம் நோட்டுல இருக்கு" என்றாள் அக்கா. "உலகத்தையே சுத்தினவளுக்கு நாலு தெரு நடக்கத் தெரியாதா?"

நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.