அண்ணன் திட்டிய கம்பெனி

நினைவு மலர் என்றால் மறைந்தவரைச் சிரித்த முகத்துக்குச் சொந்தக்காரர் என்று எழுதுவது வழக்கம். என் அண்ணனைப் பற்றி அப்படி எழுதினால் மட்டாஞ்சேரியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். இந்த மலரை அச்சடித்தவரே நம்பமாட்டார், அவர் எங்கள் தெருக்காரர். "அத்தை, அப்பாவைப் பத்தி நல்லதா எழுதணும், கேட்டீங்களா?" என்று அண்ணன் மகள் திவ்யா கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நல்லதுதான் எழுதப்போகிறேன். ஓராண்டு நிறைவுக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அண்ணன் பிறந்ததும் வளர்ந்ததும் மட்டாஞ்சேரியில்தான். எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மிளகுக் கிடங்குகளில் மூட்டை தூக்கியவர். அவர் திடீரென்று காலமானபோது அண்ணன் பத்தாம் வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தார். மலையாளப் பள்ளியில் படித்தவர், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் கோபம் வந்தால் சுத்தத் தமிழ் அருவியாகக் கொட்டும். போர்ட் கொச்சியில் ஒரு ஓட்டலில் சில காலம் தட்டுக் கழுவினார். பிறகு உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பிக் கம்பெனியில் சேர்ந்தார். வீட்டுக்கு கான்கிரீட் போடும்போது உள்ளே வைத்துக் கட்டுகிற இரும்புக் கம்பியைச் செய்யும் ஆலை அது. அம்மாவின் வைத்தியம், என் படிப்பு, என் கல்யாணம் எல்லாம் அந்தச் சம்பளத்தில் நடந்தவை. ஓய்வு பெறும்வரை அண்ணன் வேறு எங்கும் போகவில்லை. ஓய்வு பெறும்வரை அந்தக் கம்பெனியைத் திட்டுவதையும் நிறுத்தவில்லை.

வேலை முடிந்து வந்து, குளித்து, நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணி கொடுக்கும் சாயாவை வாங்கியதும் தொடங்கும். முதலில் உலையின் சூடு. "எல்லாருக்கும் தலைக்கு மேல ஒரு சூரியன். எனக்கு மூஞ்சிக்கு நேரா இன்னொண்ணு." அடுத்தது சத்தம். ஆலைக்குள் கத்திக் கத்திப் பழகியதால் வீட்டிலும் அதே குரல்தான். அண்ணன் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்தும் உப்பு வரும். பிறகு ஷிப்டு. இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவார் என்பதால் மீன்காரர்கூட எங்கள் வாசலைத் தாண்டிப் போய்த்தான் கூவுவார். என் கல்யாணத்துக்கே இரவு ஷிப்டு முடித்து நேராக வந்தார். கல்யாண போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம், அண்ணன் மட்டும் கண்ணை மூடி நிற்கிறார். பக்தியில் நிற்பதாகத்தான் என் மாமியார் கடைசிவரை நினைத்திருந்தார்.

தீப்பொறி பட்டுச் சட்டையெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதைக்கூட அவர் பெரிதாக நினைக்கவில்லை. அவரை உண்மையில் புண்படுத்தியது ஓணத்துக்குக் கம்பெனி கொடுத்த பரிசுதான். ஒரு பிளாஸ்டிக் வாளி. "இரும்பு செய்யிற கம்பெனிடி அது! இரும்பு!" என்று என்னிடம் அந்த வாளியைத் தூக்கிக் காட்டியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்படிப் பேசுகிறவர் வேலையை விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "விட்டுட்டு?" என்று திருப்பிக் கேட்டார், அவ்வளவுதான். இதெல்லாம் நடக்கும்போது அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார், அல்லது துணி மடிப்பார். "ம்" என்பதைத் தவிர வேறு சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

கம்பெனியில் அண்ணன் குறை சொல்லாத ஒன்றும் இருந்தது. ஆண்டு விழா பிரியாணி. அதைச் சாப்பிடத்தான் ஒரு வருடம் திவ்யாவையும் கூட்டிப்போனார். காக்கநாட்டில் குளுகுளு அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண், அங்கே சதீஷைப் பார்த்தாள். பள்ளுருத்திப் பையன், நம்மைப் போலத் தமிழ்க் குடும்பம், அண்ணனுடைய அதே ஷிப்டில் வேலை. பிரியாணி தீர்ந்தது, பேச்சு தீரவில்லை. சில மாதம் கழித்துப் பையனின் அம்மா கோயிலில் வைத்து என்னிடம் சம்பந்தம் பேசினார்.

அண்ணன் குதித்தார். "கடல்ல தள்ளினாலும் தள்ளுவேன், எம்பொண்ணை அதுக்குள்ள தள்ளமாட்டேன்! ஏசியில உட்கார்ற பையனாப் பாரு!"

"திவ்யாவா அண்ணா உலை முன்னால நிக்கப்போறா? பையன்தானே போறான்" என்றேன்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். அப்படி ஒரு குரல் அவருக்கு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "கம்பெனி பஸ் கொஞ்சம் லேட்டானா உன் அண்ணி வாசல்ல வந்து நிக்கிறதை நீ பார்த்ததில்லம்மா. நான் பார்த்திருக்கேன். எம்பொண்ணு அப்படி நிக்கவேண்டாம்."

ஆனால் திவ்யாவும் அவருடைய மகள்தானே. சதீஷைத் தவிர யாரையும் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில் இருவருக்கும் நடுவே நான் தூது போனேன். கடைசியில் பெண் பார்க்க வரச்சொல்ல அண்ணன் ஒப்புக்கொண்டார். அதுவும் கத்தாமல் ஒப்புக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சாயாவும் பழம்பொரியும் வந்தன. அண்ணன் வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பையனின் பெற்றோரிடம் கம்பெனியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சூடு, சத்தம், ஷிப்டு, பொறி, வாளி. ஒன்றையும் விடவில்லை. கம்பெனி வேலைக்காரனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்பதை அவர்கள் வாயாலேயே வரவழைப்பது அவர் திட்டம். அது கொஞ்சம் அதிகமாகவே பலித்துவிட்டது. பையனின் அம்மா முகம் வெளிறிப்போய் மகனைப் பிடித்துக்கொண்டார். "எடா, இதெல்லாம் நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே! கல்யாணம் கிடக்கட்டும், நாளைக்கு நீ பணிக்குப் போகவேண்டாம்!"

சதீஷ் அண்ணனைப் பார்த்தான். "சேட்டா, எங்கிட்ட நீங்க சொன்னது வேறயாச்சே."

"மாமான்னு சொல்லுடா" என்று அவன் அப்பா கடிந்துகொண்டார்.

"மாமா... வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஓடிப்போறதுக்கு வாசல் கேட் வரைக்கும் வந்துட்டேன். நீங்கதானே பின்னால வந்து, கையைப் பிடிச்சு, கேன்டீன்ல உட்கார வச்சீங்க?"

அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அந்த ஆலையில் புதிதாகச் சேருகிறவர்களில் பாதிப்பேர் முதல் நாள் மதியத்துக்குள் ஓடிவிடுவார்களாம். செருப்பை விட்டுவிட்டு மதில் ஏறிக் குதித்தவர்களும் உண்டாம். ஓடுகிறவர்களைப் பிடித்து உட்கார வைத்துப் பேசுவதற்குக் கம்பெனி நம்பியிருந்தது எங்கள் அண்ணனை!

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். எனக்கு ஆவல் தாங்கவில்லை.

"சம்பளம் சொன்ன நாள்ல கையில வரும்னாரு. ஒருத்தன் கையில சூடு பட்டா ஷிப்டே ஓடி வரும், இப்படி ஆளுங்க வேற எங்கடா கிடைப்பாங்கன்னாரு. அப்புறம், கொச்சியில நீ எந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்தாலும் உள்ள நம்ம கம்பி இருக்குமோன்னு தோணும், அந்தச் சுகம் ஏசியில உட்கார்றவனுக்குக் கிடைக்குமான்னு கேட்டாரு. நான் நின்னுட்டேன்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "அது... அங்க பேசுறது. இது வீடு" என்றார். அறைக்கு உள்ளே திவ்யா சிரிப்பது எல்லோருக்கும் கேட்டது.

பையனின் அப்பா விவரமானவர். அவர் அண்ணனை விட்டுவிட்டு அண்ணி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தங்கச்சி. கம்பெனிக்காரரோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவங்க நீங்கதானே? பொண்ணைக் கொடுக்கலாமா, வேண்டாமா?"

அண்ணி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இவரு சொன்னதெல்லாம் நேருதான், உண்மைதான். சூடு உண்டு, பயம் உண்டு. ஓணத்துக்கும் தீபாவளிக்கும் ஆளு வீட்டுல இருக்காது. பஸ் வர்ற வரைக்கும் நெஞ்சு அடிச்சுக்கும், அதுவும் நேரு. பின்னே ஒண்ணு இருக்கு. கல்யாணம் ஆனதுலேருந்து தினமும் இவரு அந்தக் கம்பெனியைத் திட்டுறாரு. என்னை ஒரு நாளும் திட்டினதில்ல. மீன் கறியில உப்புக் கூடினாலும், கம்பெனி சூட்டுல நாக்கு செத்துப்போச்சும்பாரு, என்னைச் சொல்லமாட்டாரு. இருக்கிற கோபத்தையெல்லாம் அங்கேயே தீர்த்துடுவாரு. எம்பொண்ணுக்கும் அப்படி ஒருத்தன் கிடைச்சா மதி, எனக்கு அது போதும்."

அண்ணன் பழம்பொரித் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினார். பிறகு பையனின் அம்மாவிடம், "சாயா ஆறுது, குடிங்க" என்றார். அதுவே சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அப்பா இல்லாத வீட்டில் என்னை வளர்த்த அண்ணன், என்னையும் ஒரு நாள்கூடத் திட்டியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்படிக்குள் போய் அழுதேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிச் சமாளித்தேன்.

கல்யாணத்துக்கு ஒரு ஷிப்டே வந்து பந்தி பரிமாறியது. ஓய்வுக்குப் பிறகு அண்ணனின் இதயம் பலவீனமானது. ஆஸ்பத்திரியில் இருந்த நாள்களில் சதீஷ் வேலை முடிந்து நேராக வந்து கட்டில் அருகில் உட்காருவான். மாமனாரும் மருமகனும் மாற்றி மாற்றிக் கம்பெனியைத் திட்டுவார்கள். ஒரு நாள் சண்டை என்று நினைத்து நர்ஸ் ஓடிவந்தார். அண்ணன் அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார் என்பதை அவருக்கு விளக்க நான் பட்டபாடு கொஞ்சமல்ல. அதற்கு மறுவாரம் ஒரு காலையில், அண்ணியின் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண்ணை மூடினார்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் நர்ஸ்களுக்கும், அன்று வீட்டு வேலைகளை எங்களிடம் கேட்காமலே பகிர்ந்துகொண்ட தெருவாருக்கும், பள்ளுருத்திச் சம்பந்தி வீட்டாருக்கும், லீவு போட்டு வந்து தோள் கொடுத்த ஷிப்டு நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கம்பெனிக்கும் ஒரு வரி எழுத வேண்டும். எங்கள் வீட்டில் விழவேண்டிய திட்டையெல்லாம் இத்தனை வருடம் அது வாங்கிக்கொண்டது. அண்ணியின் சார்பிலும் என் சார்பிலும் அதற்கு எங்கள் நன்றி.