நீலக்கரை போட்ட ஆட்டுத்தோல்

ஆரணி வெயிலில் கறுப்புக் கோட்டுப் போடுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று வக்கீல். இன்னொன்று கல்யாண ரிசப்ஷனில் வியர்த்துக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளை. எங்கள் பெரியப்பா இரண்டிலும் சேராதவர். பட்டுப்புடவைக் கடை வைத்திருந்தார். ஆனாலும் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோட்டை மாட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த ஒரு பழைய பங்களாவுக்கு ஸ்கூட்டரில் போய்விடுவார். அது ஃப்ரீமேசன் சங்கத்தின் கட்டடம். வாசலில் மூலைமட்டமும் கவராயமும் வரைந்திருந்ததால் கொத்தனார் சங்கம் என்று நினைத்தவர்கள் உண்டு. உள்ளே பெண்களுக்கு அனுமதி இல்லை, நடப்பதை வெளியே சொல்லவும் கூடாது. ஆகவே மற்றவர்கள் ‘தலைவெட்டி பங்களா’ என்று பெயர் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

நிம்மதி இல்லாதவர் பெரியம்மாதான். பெரியப்பா வாயில் எதுவும் தங்காது. புடவையின் அசல் விலையை வாங்க வந்தவர்களிடமே உளறிவிடுகிறவர். அப்படிப்பட்டவர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தார்.

“அங்க போயி இன்னாதாங்க பண்றீங்க?”

“சொல்லக் கூடாது.”

“கட்டிகினவகிட்ட கூடவா?”

“கட்டிகினவகிட்டதான் முக்கியமா சொல்லக் கூடாது.”

தமாஷாகத்தான் சொன்னார். அன்று அவர் இலைக்கு ரசம் வரவில்லை.

நான் நாலாவது படித்த வருஷம் அவரைச் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பதவியேற்புக்கு முதல் நாள் காலை, வந்தவாசிப் பக்கத்து உறவினர்கள் கல்யாணப் புடவை பார்க்க வீட்டுக்கே வந்தார்கள். பெரியம்மா புடவைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஒரு பெட்டியில் புடவைக்குப் பதிலாக, இடுப்பில் கட்டுகிற ஏப்ரன் மாதிரி ஒன்று இருந்தது. வெள்ளை வெளேரென்று, சுற்றிலும் வெளிர்நீலப் பட்டுக்கரை, இரண்டு பக்கமும் குஞ்சம்.

கல்யாணப்பெண்ணின் அம்மா அதைத் தடவிப் பார்த்தார். “பார்டர் ஜோரா கீதுங்க. பாடிதான் மொழுமொழுன்னு ஒரு மாதிரியா கீது. இது இன்னா நூலு?”

பெரியப்பாவுக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியும்; பொய் சொல்லத் தெரியாது.

“நூலு இல்லீங்க. ஆட்டுத்தோலு.”

நாங்கள் சமணர்கள். கிழங்குகூட அடுப்பேறாத வீடு. என் பள்ளிக்கூட பெல்ட்டையே பெரியம்மா முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். வந்தவர்கள் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார்கள். பெரியம்மா அந்த ஏப்ரனைக் குச்சியால் தூக்கிக் கொண்டுபோய் காம்பவுண்டுச் சுவரில் போட்டார்.

“இந்தத் தோலு ஊட்டுக்குள்ள வந்தா நான் இங்க இருக்க மாட்டேன்.”

“அத கட்டிகினாதான் சங்கத்துல உள்ளயே வுடுவாங்க. நாளைக்கு நான்தான் தலைவரு!”

“ஆடு செத்துதானே தலைவராவறீங்க?”

“நாம விக்கிற பட்டு மட்டும் இன்னா, மரத்துலயா காய்க்குது? புழுவ வேக வெச்சுதானே எடுக்கறாங்க?”

“அது யாவாரம்” என்றார் பெரியம்மா.

அதற்குள் ஒரு தெருநாய் வந்தது. அதற்கு எந்தச் சங்கமும் தெரியாது. ஆட்டுத்தோல் தெரியும். கவ்விக்கொண்டு ஓடியது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார், அவருக்குப் பின்னால் நான். நெசவுத் தெருவில் பட்டு இழைகளைப் பாவாக நீளக் கட்டிச் சரிபண்ணிக்கொண்டிருந்தார்கள். நாய் குனிந்து அடியில் போய்விட்டது. பெரியப்பாவின் தொப்பை குனிய விடவில்லை. “மொதலாளி, பாவு! பாவு!” என்று நெசவாளி அலறினார். இழை அறுந்தால் அவர் பிழைப்பு போய்விடும். பெரியப்பா அப்படியே நின்றுவிட்டார். தெருமுனையில் நீலக்கரை மறைவதை இருவரும் பார்த்தோம்.

“புதுசு சென்னையிலேர்ந்துதான் வரணும். நாளைக்குள்ள வராது. எரவல் வாங்கினா அதுவும் தோலுதான்” என்று பெரியப்பா என் அப்பாவிடம் சொன்னார். மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் தையல் மிஷின் சத்தம் கேட்டது. பெரியம்மா கஞ்சி போட்ட வெள்ளைக் காடாத்துணியை இரட்டையாக மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றார்.

“குஞ்சம் எத்தினி தொங்கணும்?”

“சொல்லக் கூடாது.”

“அப்ப எனக்குத் தெரிஞ்ச மாதிரி கட்டிடறேன்” என்று புடவை முந்தானைக்குக் கட்டுகிற மாதிரியே கட்டிவிட்டார். கரைக்கு, தன் பீரோவிலிருந்து ஒரு வெளிர்நீலப் பட்டுப்புடவையை எடுத்து, கண்ணை மூடித் திறந்து, கத்தரி வைத்தார்.

“பெரிம்மா, கடையில நீலப்பட்டு நெறைய கீதே?” என்றேன்.

“போயி வெளையாடு, போ.”

மறுநாள் சடங்கு முடிந்ததும் குடும்பங்களுக்கு விருந்து. சடங்கு அறைக்குள்தான் பெண்கள் போகக் கூடாது, அன்று முன்கூடம் வரை வரலாம். இருட்டியபின் சாப்பிடாத எங்களுக்காகவே பொழுது சாய்வதற்குள் வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு பெரியவர் உருவிய வாளோடு காவல் நின்றார். பெரியம்மா தன் கழுத்தைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். சங்கத்தில் மூத்தவரான ஒரு டாக்டர் எழுந்து, பார்வை மங்கிய நெசவாளிகளுக்கு இத்தனை வருஷமாகக் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவந்தது புதுத் தலைவர்தான் என்றார்.

“கண்ணாடி குடுத்ததுல இன்னாங்க ரகசியம்?” பெரியம்மா கிசுகிசுத்தார்.

“சொன்னா பெருமையாப் பூடும்.”

“பேஜார் புடிச்ச மனுஷன்” என்றார் பெரியம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் பெரியப்பாவின் இடுப்பைக் குனிந்து பார்த்தார். “இந்தக் குஞ்சம் எங்க செஞ்சது? நம்ம யார்கிட்டயும் இப்படி இல்லையே?”

“சொல்லக் கூடாது” என்றார் பெரியப்பா. எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மாதான் அதிகம் சிரித்தார்.

பட்டுக்கடைக்காரர் வீட்டில் பழைய புடவையை வெட்டித் தைப்பதா, என்ன கஞ்சத்தனம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். அந்த வெளிர்நீலத்தைப் பல வருஷம் கழித்து அவர்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் பார்த்தேன். பெரியப்பா நிச்சயதார்த்தத்துக்கு எடுத்துக் கொடுத்த புடவை. அதன்பிறகு அவர் சென்னையிலிருந்து புது ஏப்ரன் வாங்கவே இல்லை. பெண்கள் யாரும் நுழையக் கூடாத அந்த அறைக்குள் பெரியம்மா மாதாமாதம் போய்வந்துகொண்டிருந்தார் என்பது நாலாவது படிக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?