அந்தத் தூணில் ஓர் ஆணி

ஸ்பிரிங்வேல் தச்சுப்பட்டறையில் என்னோடு ஒரு மலேசியத் தமிழன் வேலை செய்தான். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ஆணியே அடிக்காமல் கட்டிய மர அரண்மனை ஒன்று இருக்கிறது. அதைப் பழுதுபார்த்த மலாய்த் தச்சர்களோடு எட்டு வருடம் இருந்தவன். தூணில் துளை, உத்தரத்தில் அந்தத் துளைக்குள் நுழையும் கழுந்து, குறுக்கே மர ஆப்பு, அவ்வளவுதான் என்பான். அரண்மனைக் கதை என்றால் வாய் ஓயாது. எனக்கு எரிச்சலாக வரும். பொறாமைதான், வேறென்ன!

அந்த வருடம் அரண்மனையில் மறுபடி வேலை தொடங்கியது. பழைய குழு அவனைக் கூப்பிட்டது. டிக்கெட்டும் எடுத்துவிட்டான். அதற்கு முன் முடிக்க இருந்தது ஒன்றுதான்: கிளென் வேவர்லி வீடொன்றின் பின்வளவுக்கு அதே முறையில் ஒரு சிறு மண்டபம். மரமெல்லாம் இடித்த வீடுகளில் வாங்கியது. பழைய ஆணி கிடக்குமென்று, உலோகம் காட்டும் கருவியால் ஒவ்வொரு துண்டையும் தடவிய பிறகுதான் உளி வைப்பான்.

வெள்ளிக்கிழமை முதல் தூணை நிறுத்தி, உத்தரத்தின் கழுந்தை அதில் செருகினோம்.

"ரெண்டு நாள் அப்படியே நிக்கட்டும்ணே. மரம் உக்காரணும், அப்புறம்தான் ஆப்பு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் வீட்டுக்காரர் பார்க்க வருகிறார், தூணோ ஆடுகிறது. எனக்குக் கை சும்மா இருக்குமா? நெயில் கன்னை எடுத்துப் பொருத்துக்குள் ஒரேயொரு ஆணி அடித்தேன். தலை தெரியாமல் உள்ளே போனது. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான்.

திங்கட்கிழமை, துருத்திய விளிம்பைச் செதுக்க உளியை வைத்து ஓங்கி அடித்தான். பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. உளிமுனை ஆணியில் பட்டு உடைந்து கண்ணில் தெறித்தது.

"ஐயோ அண்ணே!"

வலது கண் போய்விட்டது. ஒரு கண் போதும், ஆறியதும் வா என்று அரண்மனைத் தச்சர்கள் சொல்லியனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"கண்ணு போனது போகட்டும்ணே. நானே தடவிப் பாத்த மரம். எப்படி விட்டேன்? இனி எந்தக் கையை நம்பி அந்த அரண்மனை மரத்தைத் தொடுவேன்?"

அது நான் அடித்த ஆணி என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் அரண்மனைக்குப் போய்விடுவான். என் வேலை போகும், முகத்தில் துப்புவான், துப்பட்டுமே. கோழை நான்.

"அது பழைய ஆணிதானேண்ணே?"

"ஓம் தம்பி, பழசுதான்" என்றேன்.

அன்று பின்னேரமே அவன் டிக்கெட்டை ரத்துச் செய்தான்.