மெய்ப்பாடு இல்லாத நான்கு அடிகள்

பிழை திருத்த அச்சகத்திலிருந்து வரும் முதற்படியில் மை முழுதாகக் காய்ந்திருக்காது. விரல் பட்டால் எழுத்து இழுபடும்; மண்ணெண்ணெயும் ஈரத்தாளும் கலந்ததொரு வாடை அதிலிருந்து எழும். அந்த வாடையை முகர்ந்தபடி பிறருடைய செய்யுள்களைத் திருத்தும் உரிமை எனக்குப் பதினாறு வயதிலேயே வாய்த்திருந்தது. இதனைப் பெருமைக்காகக் கூறவில்லை. பின்னர் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள என் நிலை தெரிந்திருத்தல் வேண்டும். கல்லூரியில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தமிழுக்கான முதற்பரிசு பெற்றவன் நான். கரவெட்டியில் எங்கள் ஒழுங்கையில் எவருக்கேனும் விண்ணப்பம் எழுதவோ வாழ்த்துமடல் பார்க்கவோ நேர்ந்தால் என்னைத்தான் அழைப்பார்கள். "உவன் பிழையெண்டு சொன்னால் பிழைதான்" என்று ஊர்ப் புலவரே என் தகப்பனாரிடம் சொல்லியிருந்தார்.

எங்கள் பகுதியில் ஒருவர் இறந்தால், அவருடைய பிறப்பு, கல்வி, தொழில், மறைவு ஆகியவற்றைச் செய்யுளாக்கி, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்பனவற்றையும் சேர்த்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று சிறு நூலாக வழங்குவார்கள். அதற்குக் 'கல்வெட்டு' என்று பெயர். அவ்வாண்டு மாரி தொடங்கிய வேளையில் எங்கள் அயலவரான கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் நடராசா திடீரெனக் காலமானார். புலவர் கண்ணிற் புரை வெட்டிக் கட்டுப்போட்டிருந்தமையால், செய்யுள்களை வாயாற் சொல்லி எழுதுவித்துவிட்டு, முதற்படி பார்க்கும் பொறுப்பை என்னிடம் விட்டார். "கூட்டிறதும் குறைக்கிறதும் உம்முடைய பொறுப்பு, தம்பி" என்றார். அந்தச் சொல் என்னை இரண்டங்குலம் உயர்த்திவிட்டது.

படியைத் திருத்திக்கொண்டிருந்த மாலையில் நடராசாவின் மூத்த மகள் இராசாத்தி வந்தாள். என்னிலும் இரண்டு வயது இளையவள். படிப்பில் நடுத்தரம் என்று நான் எண்ணியிருந்தவள். கொப்பியிலிருந்து கிழித்த தாளொன்றை நீட்டினாள்.

"அண்ணை, மக்கள் புலம்பலுக்கு உதைப் போடுவியளோ? அம்மா கேக்கச் சொன்னவ."

தாளில் நான்கு அடிகள் இருந்தன.

படலையிலே செருமல் கேட்டால்
பாய்ந்தோடிப் புத்தகம் எடுப்போம்.
படலை இப்போ திறந்தே கிடக்கு;
புத்தகம் விரித்தே இருக்கிறோம்.

செய்யுளை ஆராயும் முறையொன்றைக் கல்லூரியிற் கற்றிருந்தேன். தாளை மூன்று நிரல்களாகப் பிரித்து, முதலாவதில் பொருள், இரண்டாவதில் மெய்ப்பாடு, மூன்றாவதில் சொல் என எழுதி, அடிகளிலிருந்து சான்று காட்டி நிரப்ப வேண்டும். எழுதுபவனின் உணர்வு எந்தச் சொல்லில் வெளிப்படுகிறது என்று காட்டுவதே மெய்ப்பாட்டு நிரலின் வேலை. இராசாத்தியின் முன்னாலேயே கோடு கீறினேன். பொருள் எளிது: தந்தையின் பிரிவு. சொல்லும் எளிது: வாயிற்கதவுக்குப் படலை, தொண்டைக் கனைப்புக்குச் செருமல், கிடக்கிறது என்பதற்குக் கிடக்கு; எல்லாம் வீட்டுப் பேச்சு, பாவினத்துக்குள் அடங்காதவை. நடுநிரலில் எழுத எதுவும் அகப்படவில்லை. கண்ணீர் இல்லை, ஐயகோ இல்லை, துயர் என்ற சொற்கூட இல்லை.

"உதிலை அழுகை எங்கை?" என்று கேட்டேன்.

"அழுகிறதுக்கு எழுதேல்லை, அண்ணை. அப்பா வாறமாதிரி எழுதினனான்."

"புலம்பல் எண்டால் புலம்ப வேணும். உது கட்டுரை."

அவள் தாளைத் திருப்பிக் கேட்கவில்லை. "நீங்கள் பரிசெடுத்த ஆள். பாத்துச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்த குத்தல் எனக்கு அன்று விளங்கவில்லை. அந்நான்கு அடிகளையும் நீக்கிவிட்டு,

ஆழிசூழ் வையத்தில் அப்பா வெனவழைக்க
வாழுமோர் பேறின்றி வாடினோம் ஐயகோ

என்று தொடங்கும் என் சொந்த வெண்பாவை எழுதி அச்சகத்துக்கு அனுப்பினேன். அதற்கு மூன்று நிரல்களும் வழியும்படி சான்று காட்டலாம்.

அந்தியேட்டியன்று அதிகாலையிற் கீரிமலைக்குச் சென்று கிரியைகளை முடித்துத் திரும்பியவர்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன் நடராசாவின் முற்றத்துப் பந்தலில் அமர்ந்தார்கள். கல்வெட்டை இராகத்தோடு வாசிக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. குரல் அன்று நன்றாக இருந்தது. மக்கள் புலம்பலை வாசித்தபோது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் "நல்ல வெண்பா" என்று தலையசைத்தார். இன்னொருவர் வெற்றிலைத் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் நூலை மூடினேன்.

கதவோரம் பெண்களோடு இருந்த நடராசாவின் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, என்ரை பிள்ளை எழுதினது எங்கை?"

இராசாத்தி தாயின் தோளைப் பிடித்து, "விடுங்கோ அம்மா" என்றாள்.

"ஏன் விடுறது? தேப்பன் போன நாள் துவக்கம் பேசாமல் கிடந்த பிள்ளை, அதை எழுதிப்போட்டுத்தான் சாப்பிட்டது. எங்கை, தம்பி?"

பரிசுகள் எவையும் அவ்வேளையில் எனக்குத் துணை வரவில்லை. தாள் என் மேசை இலாச்சியிற் கிடந்தது. ஆயினும் வாயைத் திறந்தபோது நான்கு அடிகளும் ஒரு சொல்லும் பிசகாமல் வந்தன. மனனம் செய்யாத ஒன்று எப்படி மனத்தில் நின்றது என்பது எனக்கு அப்போதே வியப்பாயிருந்தது. இராகம் இல்லாமல், பேசுவது போலச் சொன்னேன்.

எவரும் அழவில்லை. பந்தலில் இருந்த அத்தனை பேரும் படலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓம். அதுதான்" என்றார் நடராசாவின் மனைவி.

அந்தத் திரும்பிப் பார்த்தல் எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்வதில் நான் செலவிட்ட காலம் சிறிதன்று. பின்னாளில் தமிழ் கற்பிக்கும் தொழிலுக்கு வந்து, எத்தனையோ செய்யுள்களை மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டிய வேளைகளிலும் இந்நான்கு அடிகளே உள்ளே நின்று கேள்வி கேட்டன. முதலிரண்டு அடிகளில் இருப்பது பிள்ளைகளின் கள்ளம். கேட்பவன் சிரிப்பதற்கு ஆயத்தமாகிறான். மூன்றாம் அடியில் அதே படலை வருகிறது. செத்தவீட்டின் படலையை, துக்கம் விசாரிக்க வருவோருக்காக, முப்பத்தொரு நாளும் சாத்துவதில்லை என்பதை எங்களூரில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆதலால் அவளும் சொல்லவில்லை. நான்காம் அடியில், அதட்டுவதற்கு ஆள் இல்லாதபோது பிள்ளைகள் தாமாகவே புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறார்கள். இறந்தார் என்ற சொல் எங்குமில்லை. படலையும் புத்தகமும் இரண்டு முறை வருகின்றன. செருமல் மட்டும் ஒருமுறைதான் வருகிறது. அது இரண்டாம் முறை வருமென்று காது காத்திருக்கிறது. நான் நடுநிரலில் தேடிய மெய்ப்பாடு தாளில் இருக்கவில்லை. அது பந்தலில் இருந்தவர்களின் கழுத்துகளில் இருந்தது. நான் கற்ற முறை பிழையென்று இப்போதும் கூறமாட்டேன். வெறுமையாக நின்ற நிரலைக் குறையென்று கொண்ட அவசரம் என்னுடையது.

சாப்பாட்டுப் பந்தியில் அந்தப் பெரியவர் என் முதுகில் தட்டினார். "கடைசியிலை சொன்னது அந்தமாதிரி, தம்பி! வெண்பாவிலும் பாக்க அதுதான் திறம். தாய் பிள்ளையின்ரை எண்டு சொல்லுறா; நீர்தானே திருத்திக் குடுத்தது?"

நான் மறுக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். எதிரே பரிமாறிக்கொண்டு வந்த இராசாத்தி அதைக் கேட்டாள். என் இலையில் பருப்பை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

இப்போது கல்வெட்டுகள் வழுவழுப்பான தாளில், வண்ணப் படங்களோடு வருகின்றன. கணினியில் ஆயத்தமாக உள்ள புலம்பலில் பெயரை மாற்றினால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். ஈய எழுத்தும் அந்த மை வாடையும் போயின. ஒழுங்கையிற் படலைகளுக்குப் பதிலாக இரும்புக் 'கேற்று'கள் நிற்கின்றன. வருபவர்கள் மணியை அழுத்துகிறார்கள், செருமுவதில்லை. ஆயினும் அந்நான்கு அடிகள் மட்டும் எவ்வாறோ தப்பி, ஊரிலும் கடல் கடந்தும், தந்தையை இழந்தவர்களின் கல்வெட்டுகளில் என் பெயரோடு வந்துகொண்டிருக்கின்றன. அரியாலையில் மகனோடு வாழும் இராசாத்திக்கும் அத்தகைய நூல்கள் சில கிடைத்திருக்கும். அவர் என்னிடம் இதுபற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

அண்மையில் என் மாணவர்கள் எனக்கு எடுத்த பாராட்டு விழாவின் மலரில், அவ்வடிகளை நான் பதினாறு வயதில் இயற்றியதாகவும், அந்தியேட்டிப் பந்தலில் அவற்றைப் பாடி ஊரையே அழவைத்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் தவறு. அன்று எவரும் அழவில்லை. அந்த நான்கு அடிகளையும் இயற்றியவர் நடராசாவின் மகள் இராசாத்தி. நான் அவற்றை வெட்டியவன்.