சித்தப்பா சாப்பிட்டு முடியும் வரை

நான்காம் வகுப்பின் முதல் வாரத்தில் ‘என் விடுமுறை’ என்று பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். அப்பாவோடு சைக்கிளில் சமவெளிக்குப் போன கதையை நான் எழுதினேன். ஆளுயரச் சோளத்தோட்டங்கள், வெள்ளித் தகடு போர்த்திய தேவாலயக் கோபுரங்கள், தெருவோரத்தில் வாங்கித் தின்ற அவித்த சோளம் எல்லாம் அதில் இருந்தன. ஆசிரியை அதை வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டினார். எழுதிய ஒவ்வொன்றும் உண்மைதான். எதற்காகப் போனோம் என்பது மட்டும் பிழை.

அந்த ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை மாலை கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் அப்பப்பா இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த நாட்களில் ஊரிலிருந்து செய்தி வெளியே வர அவ்வளவு காலம் எடுக்கும். எனக்கு இது ஒன்றும் தெரியாது. அப்பா பேசி முடித்த பிறகும் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றதையும், அம்மா குளியலறைக்குள் போய்க் குழாயை நெடுநேரம் திறந்துவிட்டதையும் பார்த்தேன். தம்பியின் உடுப்புத் தோய்க்கிறார் என்று நினைத்தேன்.

சித்தப்பா அந்தக் கோடையில் எங்கள் நகரத்து ஆற்றுக்குத் தெற்கே, மெட்ரோ முடிகிற லொங்குய்யையும் தாண்டி நெடுந்தூரத்தில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே தொலைபேசி இருந்தது. ஞாயிறு பின்னேரங்களில் அதிலிருந்து எங்களுக்கு எடுத்துக் கதைப்பார், மற்ற ஊர்க்காரர்களுக்கும் எடுப்பார். சாவுச் செய்தியை நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும், அதுவும் கேட்கிறவர் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது, சொல்லப் போகிறவர் தனி ஆளாகவும் போகக் கூடாது என்பது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கேள்விக்கு இடமில்லாத விஷயம். ஞாயிறு பின்னேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால், தன் தகப்பன் செத்ததை என் சித்தப்பா யாரோ ஒருவருடைய தொலைபேசிக் குரலில் கேட்பார். எங்களிடம் கார் இல்லை. அந்தப் பக்கம் பஸ்ஸும் இல்லை. தம்பி கைக்குழந்தை, அம்மா அவனை விட்டு நகர முடியாது. ஆகவே துணைக்கு வந்த இரண்டாவது ஆள் நான்.

எனக்குச் சொல்லப்பட்டது வேறு.

“பிள்ளை, சைக்கிளிலை ஒரு பயணம் போவமோ? சித்தப்பாவையும் பாத்திட்டு வரலாம்.”

நான் துள்ளிக் குதித்தேன். காரணம், கீழ்வீட்டில் இருந்த எங்கள் வீட்டுக்காரர். போர்த்துக்கல்காரர். இளம் வயதில் நண்பர்களோடு தன் நாட்டுச் சமவெளிகளில் நாட்கணக்காகச் சைக்கிளில் சுற்றியவர். அந்தப் படம் ஒன்று அவருடைய குசினிச் சுவரில் தொங்கியது. சைக்கிள்களுக்குப் பின்னால் நின்ற மரங்கள் இடுப்புக்குக் கீழே செக்கச் செவேலென்று, தோல் உரித்தாற்போல இருக்கும். போத்தலை அடைக்கும் தக்கை அந்த மரத்துப் பட்டைதானாம். ஒன்பது வருடத்துக்கு ஒரு முறை உரிப்பார்களாம். உரித்த வருடத்தை அடிமரத்தில் வெள்ளையால் எழுதி வைப்பார்களாம். மரத்துக்கு நோகாதா என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, சாவதில்லை என்று மட்டும் சொன்னார்.

சமவெளி, சைக்கிள் என்றதும் தக்கை மரமும் இருக்கும் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். அப்பா மறுக்கவில்லை.

சனிக்கிழமை சைக்கிளை இரவல் கேட்க அம்மாதான் கீழே போனார். இது எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்காரருக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் பிரெஞ்சு கதைக்கிற ஆள் நான்தானே. அம்மா எந்தப் பிரெஞ்சில் என்ன சொன்னாரோ தெரியாது. ஞாயிறு காலை வீட்டுக்காரர் டயருக்குக் காற்றடித்து, சைக்கிளோடு வாசலில் நின்றார். தொப்பியைக் கழற்றி அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, விடாமல் நின்றார். ஒரு பழஞ் சைக்கிளை இரவல் கொடுப்பதற்கு இத்தனை சடங்கா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மெட்ரோவின் கடைசிப் பெட்டியில் சைக்கிளோடு லொங்குய்யில் போய் இறங்கினோம். அங்கிருந்து அப்பா மிதித்தார். பின் கரியரில், மடித்த போர்வையின் மேல், சாப்பாட்டுப் பையை அணைத்தபடி நான். ஊரில் அரிசி மூட்டையையும் அம்மாவையும் ஒன்றாக டபிள் ஏற்றி ஓடியவருக்கு நான் ஒரு பாரமே இல்லை. வீடுகள் முடிந்ததும் நிலம் சப்பாத்திப் பலகைபோலத் தட்டையாகிவிட்டது. ஒரு ஊரின் கோபுரம் தெரியும். அது கிட்ட வர அரை மணித்தியாலம் ஆகும். வந்ததும் அடுத்த ஊரின் கோபுரம் தெரியும்.

“அப்பா, தக்கை மரம்?”

“வரும், வரும்.”

மேப்பிள் மரங்கள் வந்தன, பொப்லர்கள் வரிசையாக வந்தன. எதற்கும் தோல் உரிந்திருக்கவில்லை. ஒரு தோட்டத்து வாசலில் அவித்த சோளம் விற்றார்கள். அப்பா ஒன்று வாங்கி வெண்ணெய் பூசி எனக்குத் தந்தார். தனக்கு வயிறு சரியில்லை என்றார். ஒரு தெப்பனரில், அதாவது மூலைக்கடையில், எனக்கு ஐஸ்கிரீம் வாங்கினார், தான் தண்ணீர் குடித்தார். வழிக்கென்று அம்மா கட்டித் தந்த வாழைப்பழம் இரண்டையும் நானே தின்றேன். வயிற்று வலிக்காரரோடு பயணம் போவது எவ்வளவு வசதி என்று நினைத்தது நினைவிருக்கிறது. அதை இன்றைக்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் இரண்டு மணி தாண்டிவிட்டது. மண் அங்கே கரிக்கறுப்பு. வேலையாட்கள் தங்கும் நீட்டு வீட்டின் முன்னால் சித்தப்பா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடியே சிரித்தார்.

“என்ன அண்ணை, சைக்கிளிலையோ? உங்களுக்கென்ன விசரோ?”

“பிள்ளைக்கு இடம் காட்டக் கூட்டிக்கொண்டு வந்தனான். நீ சாப்பிட்டிட்டியோ?”

“இல்லை, இனித்தான்.”

“அப்ப வா. அண்ணி தந்துவிட்டவ.”

வெளியே மரமேசையில் அப்பா தானே பார்சலைப் பிரித்துப் பரிமாறினார். வீட்டில் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்காத மனிதர். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல். சித்தப்பா பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஞாயிற்றுக்கிழமையும் மரக்கறியோ? அண்ணி வழமையா இறைச்சியெல்லோ தந்துவிடுறவ.”

“இறைச்சிக் கடை பூட்டு” என்றார் அப்பா.

பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்ததும் அதே அப்பாதான்.

“இல்லை சித்தப்பா, நேற்று நானும் அம்மாவும் போகேக்கை கடை திறந்துதான் இருந்தது. அம்மாதான் வேண்டேல்லை.”

சித்தப்பாவின் கை புட்டின் மேல் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார், இரண்டு நாளாக மழிக்காத தாடியைப் பார்த்தார். அப்பா குனிந்து, எனக்குக் கோப்பையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பை நிரம்பி மேசையில் வழிந்தது.

சித்தப்பா சாப்பிடத் தொடங்கினார். ஒவ்வொரு பிடியாக, அவசரமில்லாமல், குழம்பை வழித்து, தட்டில் ஒட்டியிருந்த புட்டுத் துகளைக்கூட விரலால் ஒற்றி எடுத்துச் சாப்பிட்டார். விழுங்க நடுவில் தண்ணீர் தேவைப்பட்டது. என்ன பசி இவருக்கு என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா ஒரு வாயும் தொடவில்லை.

முடிந்ததும் சித்தப்பா போய்க் கை கழுவினார். திரும்பி வந்து அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“இனிச் சொல்லுங்கோ அண்ணை.”

அப்பாவுக்கு “ஐயா” என்ற ஒரு சொல் மட்டும் வந்தது. காலையிலிருந்து அந்தத் தட்டையான நிலமெல்லாம் மிதித்து வந்த மனிதர், மேசையில் தலையைக் கவிழ்த்து, நான் ஒருநாளும் கேட்டிராத சத்தத்தில் அழுதார். சித்தப்பா எழுந்து வந்து அவர் முதுகில் கையை வைத்தார். பிறகு கேட்டார்.

“கொள்ளி ஆர் வைச்சது?”

“அக்கான்ரை பெடியன்.”

மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளி. செத்தது அப்பாவுக்கும் அப்பா என்பது எனக்கு அப்போதுதான் மெல்லத் தட்டியது. காலை முழுவதும் அந்த முதுகைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருந்தேன். தகப்பனை இழந்தவரின் முதுகு அது என்று எனக்குத் தெரியவில்லை.

தோட்டக்காரர் எங்களையும் சைக்கிளையும் தன் பிக்கப்பில் ஏற்றி மெட்ரோ வரை கொண்டுவந்து விட்டார். சித்தப்பா லீவு சொல்லிவிட்டு மறுநாள் காலை வருவதாக ஏற்பாடு. வழியில் நான் தக்கை மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்தபடி கதவைத் திறந்தார். அப்பா உள்ளே போனார். அம்மா என்னை நிறுத்திக் கேட்டார்.

“சித்தப்பா சாப்பிட்டவரோ?”

இந்தக் கேள்விக்காவது எனக்குப் பதில் தெரியும் என்று ஆறுதலாக இருந்தது.

“ஓம் அம்மா. ஒண்டும் மிச்சம் விடேல்லை. கடை திறந்திருந்தது எண்டு நான் சொல்லிப்போட்டன். பேந்து பேசாமல் இருந்து முழுக்கச் சாப்பிட்டவர். அவருக்கு நல்ல பசி.”

அம்மா தம்பியைக் கீழே இறக்கினார். வெள்ளிக்கிழமையிலிருந்து என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழத் தொடங்கினார். சாப்பாடு பிடித்துத்தானே சாப்பிட்டார், அதைச் சொன்னதில் என்ன பிழை என்று விளங்காமல் நான் காலிப் பையோடு நின்றேன்.