பன்னிரண்டுக்குள் பதினொன்று

சுவிட்சைப் போடுவதற்கு முன் கிருஷாந்தி கணினியை முகர்ந்து பார்க்கிறாள். இலங்கை மலையகத்து லிந்துலைக் கடைத்தெருவில், ஒரு தையற்கடையின் மாடியில் கணினி பழுதுபார்க்கும் அவளுக்கு மூக்குத்தான் முதல் கருவி. பேக்கரிக் கணினி என்றால் சீனி கருகிய வாடை, தொழிற்சாலைக் கணினி என்றால் தேயிலைத்தூள். உள்ளே எலி குடித்தனம் நடத்தினால் அதுவும் தெரிந்துவிடும்.

இந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கணினியில் சந்தனம் மணந்தது.

"கோயில் மாதிரி மணக்குதுங்க ஐயா."

"பின்ன? வருசா வருசம் ஆயுத பூசைக்கு என் கையால பொட்டு வைக்கிறேன்ல," என்றார் பெரிய கிளாக்கர் நல்லமுத்து. "ஆறு வருசமா ஒரு நோவு நொடி இல்லாம ஓடுது. நீ கை வச்சுக் கெடுத்துராத புள்ள."

கை வைக்காமல் முடியாது. அதில் ஓடுவது பழைய விண்டோஸ் பத்து. பதினொன்றுக்கு மாறாத கணினிகளின் இணைப்பைத் தலைமை அலுவலகம் தோட்டம் தோட்டமாகத் துண்டித்து வருகிறது. இந்தத் தோட்டத்துக்குக் குறித்த கெடு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. ஒன்பது தோட்டங்களின் வேலையையும் கொழும்புக் கம்பெனி ஒன்று கேட்டிருந்தது. கிருஷாந்தி, ஒன்பதுக்கும் மேலாளரான துரையிடம் முன்பே நேரே போய் நின்றிருந்தாள். "மொதல்ல இந்த ஒண்ண எங்கிட்ட குடுங்க சேர். நேரத்துக்கு முடிக்கலேன்னா மத்த எட்டும் அவங்களுக்கே போகட்டும்."

மழை வந்தால் மலையில் இணையம் படுத்துவிடும். அதனால் புதிய பதிப்பைப் பென் டிரைவில் கொண்டுவருவது அவள் வழக்கம். கழுத்து நாடாவில் எப்போதும் நான்கு தொங்கும். வெள்ளி காலை ஒன்பது மணிக்கு ஒன்றைச் செருகினாள். பாதி நுழைந்ததும் முட்டி நின்றது. பக்கத்துத் துளையிலும் அதே கதை. கணினியின் பின்புறத் துளைகளோ திருட்டுக்குப் பயந்து செய்து பூட்டிய மரக்கூட்டுக்குள் இருந்தன. சாவி துரையிடம், துரை கண்டியில்.

டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு துளைகளிலும் ஆறு ஆயுத பூசைகளின் சந்தனம் மஞ்சளாக இறுகிக் கிடந்தது.

"ஐயா, பொட்ட நெத்தியிலதான வைப்பாங்க? நீங்க மூக்குக்குள்ள வச்சிருக்கீங்க."

பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஆபீஸ் பெண் வினோதா வாயைப் பொத்திச் சிரித்தாள். நல்லமுத்துவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "கொழும்பு ஆளா இருந்தா இந்நேரம் புது மெசினே கொண்டாந்திருப்பான்."

"கொழும்பு ஆளு இந்நேரம் வர்ற வழியில ஹட்டன்ல டீ குடிச்சிக்கிட்டு இருப்பான்."

மின்சாரத்தை நிறுத்தினாள். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கு, தோட்டத்து மருந்தகத்திலிருந்து கொஞ்சம் ஸ்பிரிட். நனைப்பதும் சுரண்டுவதும் ஊதுவதுமாக நாற்பது நிமிடம் போனது. வேலை செய்யும்போது அவள் கணினியிடம் மட்டுமே பேசுவாள். "வாயத் தொற தங்கம். இன்னுங் கொஞ்சம்." பத்து மணிக்குப் பென் டிரைவ் டக்கென்று உள்ளே உட்கார்ந்தது. கோப்புகளுக்குப் பிரதி எடுத்து வைத்துவிட்டு மாற்றத்தைத் தொடங்கினாள்.

திரையில் விழுக்காடு ஏறியது. அறுபத்தொன்றுக்கு வந்து பதினோரு நிமிடம் அசையவில்லை. "ஆஃப் பண்ணிப் போட்டா என்ன?" என்று கை நீட்டிய நல்லமுத்துவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"தொட்டீங்க, எல்லாம் போச்சு. அது யோசிக்குது, விடுங்க."

அறுபத்திரண்டு. பிறகு மளமளவென்று ஓடியது.

பதினொன்று நாற்பத்தெட்டுக்குப் புதிய திரை நீலமாக விரிந்தது. வெளியே மடுவத்தில், அந்த நிறுவைக் கொட்டகையில், பகல் கொழுந்து நிறுக்கத் தொடங்கியிருந்தார்கள். மீனம்மா என்ற பெண்ணின் சாக்கு முதலில், கணினியோடு இணைத்த தராசில் ஏறியது. அவள் பெயரும் எடையும் திரையில் விழுந்தன. ஆறு நிமிடம் மீதியிருக்கையில், கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அது போய்ச் சேர்ந்ததற்கான பச்சைக் குறியும் வந்தது.

"போயிருச்சு!" என்று வினோதா கத்தினாள்.

நல்லமுத்து தொலைபேசியில் துரையைப் பிடித்தார். "ஓடுதுங்க தொரை, முன்னையவிட வேகமா ஓடுது. கொழும்புல இருந்து யாரும் வேணாங்க. மத்த எட்டையும் நம்ம லிந்துலைப் புள்ளயே பாத்துக்கும்."

கிருஷாந்தி திரும்பிப் பார்க்கவில்லை. கணினியின் முகப்பில், அதை விற்ற கொழும்புக் கம்பெனியின் ஸ்டிக்கர் மங்கிப்போய் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் மூலை மூலையாகப் பெயர்த்தாள். தன் பெயரும் கடை எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கரை அதே இடத்தில் நேராக வைத்து, கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள்.